ஆணி குடிக்காது

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பணியில் இருந்த காலத்தில் அலுவலக நாற்காலியில் நான் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. ஓய்வு பெற்ற பிறகாவது அடங்குவேன் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள், அதுவும் நடக்கவில்லை. இதைக்கூடச் சமையல் மேடையில் தாளை வைத்துக்கொண்டு, நின்றபடிதான் எழுதுகிறேன். உணவுப் பாதுகாப்பு அலுவலர்களாகப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மாதிரி எடுப்பது, முத்திரை வைப்பது, நோட்டீஸ் கொடுப்பது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதையே நானும் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை.

என் முதல் மேலதிகாரி ஒரு சிடுமூஞ்சி. ஆனால் அவரிடம் கற்றுக்கொண்ட இரண்டு விஷயங்கள் கடைசிவரை எனக்குக் கை கொடுத்தன. முதலாவது, சந்தேகம் வந்தால் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. “மொதல்ல கைய நீட்டி நிறுத்து. தப்பா இருந்தா அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கலாம்” என்பார். இரண்டாவது, சோதனைக்குப் போன இடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது. பிரியாணி மட்டுமல்ல, பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டால் அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரர் முகத்தைப் பார்த்துக் கண்டிப்பாகப் பேச வராது என்பது அவர் கணக்கு. திருவண்ணாமலை வெயிலில் அது லேசான காரியமில்லை. நானும் பையில் சொந்தத் தண்ணீர் பாட்டிலோடுதான் ஊரெல்லாம் சுற்றினேன். எத்தனையோ பேர் முகம் சுளித்தார்கள். திமிர் பிடித்தவள் என்றுகூடப் பேர் வாங்கியிருக்கிறேன். அந்த வழக்கத்தை நான் ஒரே ஒரு முறைதான் மீறினேன். இங்கே சொல்லப் போவது அந்த நாளைப் பற்றித்தான்.

சித்திரைப் பௌர்ணமி. எனக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். கிரிவலத்துக்குக் கூட்டம் இரவில்தான் ஜாஸ்தி என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். சித்திரையில் மத்தியானமே ஆரம்பித்துவிடும். வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்காகத் தண்ணீர் லாரி தார் ரோட்டை நனைத்துக்கொண்டே முன்னால் போகும்; பின்னாலேயே ரோடு காய்ந்துகொண்டே வரும். வழி நெடுக மோர், தர்பூசணி, சாம்பார் சாதம், சுண்டல் என்று கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். கொடுப்பவர்கள் எல்லோரும் நல்ல மனதோடு கொடுப்பவர்கள். நம் வேலையில் கலப்படக்காரனைப் பிடிப்பது சுலபம், அவன் முகமே காட்டிக் கொடுத்துவிடும். நல்ல மனதோடு தப்பு செய்கிறவர்களிடம்தான் நாக்கு குழறும்.

காலையிலிருந்து பந்தல் பந்தலாகப் பார்த்துக்கொண்டு, கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை வந்து சேர்ந்தபோது எனக்கும் வெயில் தலைக்கேறியிருந்தது. இன்னும் பார்க்க வேண்டிய பந்தல்கள் பாக்கி. அவசரமாகத் தாண்டிப் போயிருப்பேன். ஒரு சாமியானாவின் கீழே இருந்த செம்பு அண்டாதான் என் காலைக் கட்டியது.

அப்படி ஓர் அண்டாவை இப்போது பார்ப்பது அபூர்வம். ஒரு ஆள் உள்ளே உட்காரலாம். புதுமணப் பெண்போலக் குங்குமமும் மஞ்சளும் பூச்சரமும் வைத்திருந்தார்கள். உள்ளே கழுத்துக்குச் சற்றுக் கீழ்வரை பானகம். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், கொஞ்சம் உப்பு. வாசனை ரோடுவரை வந்தது. வாசனைக்கு நான் மயங்குகிறவள் இல்லை. என் கண் போனது அண்டாவின் உள்பக்கத்துக்கு.

செம்பு, பித்தளைப் பாத்திரங்களின் உள்ளே வெள்ளீயம் பூசுவார்கள். ஈயம் பூசுகிறது என்று நாம் சொல்வது அதைத்தான். அது சாம்பல் நிறத்தில், பார்ப்பதற்கு ஒரு அழகும் இல்லாமல் இருக்கும். ஆனால் புளிப்புக்கும் செம்புக்கும் நடுவே சுவர்போல நிற்பது அந்தப் பூச்சுதான். இந்த அண்டாவின் உள்ளே அது இல்லை. உள்பக்கம் முழுக்கச் சிவப்பாக, முகம் பார்க்கலாம்போலத் தகதகத்தது. இன்னொன்றும் பார்த்தேன். பானகத்தின் மட்டம் எங்கே அண்டாவைத் தொட்டதோ, அங்கே சுற்றிலும் மங்கலாக ஒரு கோடு, லேசான பச்சையோடு.

அந்தப் பந்தலைப் போட்டவர் பச்சையம்மாள், கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அவருடைய மருமகன் தினேஷ் என்னை அடையாளம் தெரிந்துகொண்டு ஓடி வந்து விவரம் சொன்னார். மகளுக்கு, அதாவது தினேஷின் மனைவிக்கு, பல வருஷம் குழந்தை இல்லை. குழந்தை பிறந்தால், அது நடக்கிற வயதில் கூட்டி வந்து, கிரிவலம் வருகிறவர்களின் தாகத்தைத் தன் கையால் தீர்ப்பதாகப் பச்சையம்மாள் வேண்டிக்கொண்டிருக்கிறார். குழந்தை பிறந்து இப்போது மழலை பேசிக்கொண்டு பந்தலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதற்காகவே பரணில் கிடந்த குடும்பத்து அண்டாவை இறக்கி, டவுனில் பாலீஷ் போடக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே கறுப்பு படிந்த மாதிரி இருக்கிறது, சாமிக்குப் படைப்பதற்கு அது கூடாது, அதையும் எடுத்துவிடுங்கள் என்று பச்சையம்மாளே சொல்லி எடுக்க வைத்தாராம். தினேஷ் இதைப் பெருமையாகத்தான் சொன்னார். விடியற்காலையிலேயே பழம் பிழிந்து, வெல்லம் கரைத்து அண்டாவில் ஊற்றிவிட்டார்களாம். கறுப்பு என்று அவர்கள் எடுக்க வைத்தது அந்த ஈயப் பூச்சைத்தான்.

யாரும் குடித்துப் பார்த்தார்களா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கி, படையலுக்கு முன்னால் ருசி பார்க்க மாட்டோம், அத்தை காலையிலிருந்து விரதம் என்றார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கே கற்பூரம் காட்டி முடித்துவிட்டார்கள். பந்தலுக்கு வெளியே வரிசை மரத்தடிவரை நீண்டிருந்தது. முதல் டம்ளர் குழந்தைக்கு, பிறகு ஊருக்கு என்பது வேண்டுதல். பச்சையம்மாள் ஒரு சின்ன வெள்ளி டம்ளரில் பானகத்தை மொண்டு, மண்டியிட்டுப் பேத்தியின் கையில் கொடுத்தார். குழந்தை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது.

நான் என் உள்ளங்கையை டம்ளரின் வாய்மேல் வைத்து மூடினேன்.

அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நிலைகொள்வதில்லை. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லோர் முகத்திலும் சந்தோஷம், நடுவில் ஒருத்தி வந்து குழந்தையின் கையைத் தட்டிவிட்டதுபோல நிற்கிறாள். குழந்தையின் உதடு பிதுங்கியது. பச்சையம்மாள் எழுந்து நின்றார். அவர் கத்தவில்லை; கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இன்னாம்மா இது? எத்தினி வருசத்து வேண்டுதலு. கொழந்த வாயில வெக்கற நேரத்துல கைய வெச்சுட்டீங்களே.”

நான் யார் என்று சொன்னேன். அண்டாவில் ஈயப் பூச்சு இல்லை, புளிப்பு அதில் நிற்கக் கூடாது, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பந்தலுக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. யாரோ ஒருவர் கைபேசியை உயர்த்திப் படம் பிடிக்க ஆரம்பித்தார். மைக் பக்கத்தில் நின்றவர் என்ன அறிவிப்பது என்று என்னைப் பார்த்தார். இங்கே ஒன்று கவனியுங்கள். உங்கள் வாயில் ‘விஷம்’ என்ற சொல் வரத் துடிக்கும். அத்தனை கூட்டத்தில் அது மைக்கில் போனால், பானகம் செய்யாத கெடுதலை அந்தச் சொல் செய்துவிடும். இன்னும் கொஞ்ச நேரத்தில் கொடுக்கிறோம், எல்லோரும் நிழலில் நில்லுங்கள் என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

அண்டாவை அப்போதே கவிழ்க்க எனக்கு அதிகாரம் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் செய்வார்கள். செய்துவிட்டு ஜீப்பில் ஏறிவிடுவார்கள். ஆனால் மூட்டையில் எலுமிச்சை மீதி இருந்தது. வெல்லம் இருந்தது. வேண்டுதலும் அப்படியே இருந்தது. என் ஜீப் வளைவு திரும்பியதும் அதே அண்டாவில் மறுபடியும் பானகம் கரைக்க எவ்வளவு நேரம் ஆகும்? நாம் அங்கே நிற்கும்போது நடப்பதைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதாது. பச்சையம்மாளுக்கு மனசு ஒப்ப வேண்டும். வேறு வழியில்லை.

முதலில் மடக்கியவர் தினேஷ்தான். அவர் ஒரு டியூஷன் சென்டரில் வேதியியல் நடத்துகிறவர்.

“மேடம், நான் பி.எஸ்சி கெமிஸ்ட்ரி. காப்பர் ஹைட்ரஜனுக்குக் கீழ இருக்குது. லெமன்ல இருக்கற ஆசிட் அத ஒன்னும் பண்ண முடியாது. துத்தநாகம், இரும்புன்னா நீங்க சொல்றது சரி.”

நியாயமான பேச்சு. பள்ளிக்கூடத்தில் படித்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். உலோகங்களை அவற்றின் வேகத்தை வைத்து மேலிருந்து கீழே அடுக்குவார்கள். நடுவில் ஹைட்ரஜன். அதற்கு மேலே உள்ள துத்தநாகமும் இரும்பும் அமிலத்தில் விழுந்தால் ஹைட்ரஜனை வெளியே துரத்திவிட்டு, கரைந்து உப்பாகிவிடும். கீழே உள்ள செம்புக்கும் வெள்ளிக்கும் அந்தத் தெம்பு கிடையாது. தினேஷ் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் புத்தகத்தில் அமிலமும் செம்பும் மட்டும்தான் இருக்கின்றன. அடி அண்ணாமலையில் காற்றும் இருக்கிறது. காற்று செம்பின் மேல்தோலைக் கறுக்க வைக்கும், அந்தக் கறுப்பை அமிலம் கரைத்துக்கொள்ளும், புதுத் தோல் வெளியே வரும், அதையும் காற்று தொடும். காற்றும் புளிப்பும் செம்பும் ஒன்றாகச் சந்திக்கும் இடம்தான் அந்தப் பச்சைக் கோடு. உப்பு வேறு சேர்ந்தால் வேலை இன்னும் துரிதமாக நடக்கும்.

அவரை அண்டா அருகே அழைத்துப்போய் அந்தக் கோட்டைக் காட்டினேன். “தம்பி, வீட்ல செம்புச் சொம்ப புளி போட்டுத் தேய்க்கறாங்க இல்ல? கறுப்பு போயி பளபளன்னு ஆவுது. அந்தக் கறுப்பு எங்க போவுது?” என்று கேட்டேன்.

“புளித் தண்ணியில.”

“அந்தத் தண்ணிய யாராச்சும் குடிக்கறோமா?”

தினேஷ் குனிந்து அந்தப் பச்சைக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பச்சையம்மாள்தான் பதில் சொன்னார். அது அழுக்குத் தண்ணி, இது அழுக்கே இல்லாமல் பாலீஷ் போட்ட அண்டா என்றார். அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அந்த அண்டாவில் அழுக்கு என்று விரல் வைத்துக் காட்ட எதுவுமே இல்லை. பானகமோ வெல்லத்தின் பழுப்பு நிறம். கரைந்த செம்பு நீலமோ பச்சையோ காட்டினாலும் அந்தப் பழுப்பு மறைத்துவிடும்.

மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம்தான். சட்டப்படி அனுப்பவும் செய்தேன். ஆனால் அந்த அறிக்கை வருவதற்குள் குடித்தவர்கள் எல்லோரும் வாந்தி எடுத்து, தேறி, வீட்டுக்கே போயிருப்பார்கள். அங்கேயே, அந்த வெயிலிலேயே காட்டியாக வேண்டும். சட்டென்று தினேஷின் வரிசையையே சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று தோன்றியது.

“தம்பி, அந்த லிஸ்ட்ல இரும்பு எங்க இருக்குது?”

“காப்பருக்கு மேல” என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. பந்தல் போட்டவர்கள் விட்டுப்போன ஆணிகளில் ஒன்றைத் தேடி எடுத்து வந்து, துரு போகக் கல்லில் தேய்த்து, சோப்பால் கழுவினார். மேலே இருக்கும் உலோகம் கீழே இருக்கும் உலோகத்தை அதன் உப்பிலிருந்து வெளியே தள்ளும். பானகத்தில் செம்பு கரைந்திருந்தால் அது ஆணியின்மேல் வந்து உட்காரும். கரையாவிட்டால் ஆணி ஆணியாகவே இருக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் பானகத்தை எடுத்து ஆணியை நிறுத்தி, எல்லோரும் பார்க்கிற மாதிரி மேஜைமேல் வைத்தோம்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. என்னால் தாங்க முடியாத ஒன்று உண்டென்றால் அதுதான். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் தாகம் தாங்காமல் உள்ளே வந்து கேட்டார். கைக்குழந்தையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தார். என் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, அடுத்த பந்தல்காரர்கள். நான் சாமியானாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். ஆணி மாறாவிட்டால் என்ன செய்வது? வெல்லமும் சுக்கும் நடுவில் புகுந்து ஏதாவது குழப்பினால்? வேறு எதற்கும் காத்திருக்காமல் கவிழ்த்திருக்க வேண்டுமோ? குழந்தை, நான் பானகத்தைக் கொட்டிவிட்டுக் கொடுத்த காலி டம்ளரைத் தரையில் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. பச்சையம்மாள் அண்டாவின் விளிம்பில் கை வைத்தபடி, யாரும் தொட்டுவிடக் கூடாது என்பதுபோல நின்றார். படம் பிடிப்பவர் மட்டும் கை வலித்தாலும் விடவில்லை.

தினேஷ்தான் முதலில் பார்த்தார். டம்ளரிலிருந்து ஆணியை எடுத்துத் தண்ணீரில் அலசினார். பானகத்தில் நின்ற பாதி, செம்பு நிறத்தில் சிவந்திருந்தது. வெளியே இருந்த பாதி பழைய இரும்பு.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் அந்த ஆணியைப் பச்சையம்மாளிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“செம்பு எறங்கியிருக்குது. அதத்தானே சொல்றீங்க?”

ஆமாம் என்றேன்.

“அது நல்லதுதானேம்மா. செம்புல தண்ணி வெச்சுக் குடிச்சா ஒடம்புக்கு அவ்ளோ நல்லதுன்னு எல்லா வீடியோவுலயும் சொல்றாங்க. எம் பொண்ணே செம்பு பாட்டில்லதான் குடிக்குது. கொழந்தைக்கு நல்லதுன்னுதானே நான் இந்த அண்டாவையே எறக்குனேன்.”

நான் நிரூபித்தது முழுக்க அவர் கட்சிக்குச் சாட்சியாகிவிட்டது. அவர் குதர்க்கம் பேசவில்லை. மனதார நம்பியதைச் சொன்னார். தண்ணீர் வேறு, புளிப்பு வேறு என்று விளக்கினேன். வெறும் தண்ணீருக்குச் செம்பு இடம் கொடுக்காது, கொஞ்சம் இறங்கினாலும் உடம்பு சமாளித்துக்கொள்ளும், எலுமிச்சையில் காலையிலிருந்து ஊறினால் இறங்குவது அளவுக்கு மீறிப் போய்விடும் என்றேன். வயலுக்குத் தெளிக்கிற மயில்துத்தம் தெரியுமா, அதுவும் செம்பிலிருந்து வருகிற உப்புதான் என்றேன். அது பூச்சிக்கு விற்கிற மருந்து, இது எங்கள் வீட்டுச் செம்பு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பந்தலில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். வரிசையிலிருந்து ஒருவர், குடுக்கறத குடுங்கம்மா, அண்ணாமலையார் பாத்துக்குவார் என்றார். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நொடி அதிகாரத்தைக் கையில் எடுத்திருப்பேன்.

அப்போது தினேஷ் தன் மாமியார் முன்னால் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“அத்த, நான் காலையில ருசி பாத்தேன்.”

பச்சையம்மாளுக்கு முதலில் புரியவில்லை.

“வெல்லம் கம்மியா இருக்குமோன்னு ஒரு டம்ளர் எடுத்துக் குடிச்சேன். படைக்கறதுக்கு முன்னாடி. கொஞ்ச நேரத்துல கொமட்டுச்சு. வேன் பின்னாடி போயி ரெண்டு வாட்டி வாந்தி எடுத்தேன். வெயிலுக்குன்னு நெனச்சுக்கினேன். படையல தீட்டுப் பண்ணிட்டேன்னு நீங்க நெனப்பீங்களேன்னு சொல்லல.”

ருசி பார்த்தார்களா என்று நான் கேட்டபோது அவர் தயங்கிய தயக்கம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. ஹைட்ரஜனையும் செம்பையும் வைத்து என்னிடம் அத்தனை வாதம் செய்த பிள்ளை, தன் வயிறு சொன்னதை மட்டும் மாமியாருக்குப் பயந்து ஒளித்து வைத்திருந்தார். அதை அத்தனை பேர் முன்னால் சொல்லச் சின்ன தைரியம் போதாது. அந்தப் பிள்ளைமேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

பச்சையம்மாள் மருமகனைத் திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் தினேஷின் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, தரையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்த பேத்தியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அண்டாவின் விளிம்பிலிருந்து கையை எடுத்துவிட்டார். உட்கார்ந்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் உட்காரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்டாவின் அடியில் தோளைக் கொடுத்தார். தனியாகச் சாய்க்கப் பார்த்தார். ஆண்கள் ஓடி வந்து பிடித்தார்கள். பானகம் முழுவதும் பந்தலுக்குப் பின்னால், மாடு வாய் வைக்காதபடி தோண்டிய குழியில் போயிற்று. ஏலக்காய் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

“எல்லாருக்கும் மொதல்ல எம் பேத்திக்கே குடுத்திருப்பேனே” என்றார். யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் நல்லதை நினைத்துத்தான் செய்தீர்கள் என்று சொல்ல வந்தேன். அந்த நேரத்தில் அதைச் சொல்வது அவமானப்படுத்துகிற மாதிரி இருக்கும் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன்.

அண்டாவை வேனில் ஏற்றச் சொன்னார். வேண்டுதல் கெட்டுப்போச்சு, வீட்டுக்குப் போகலாம் என்றார். அங்கேதான் நான் குறுக்கே நின்றேன். நிறுத்துவது நம் வேலையில் பாதிதான். வெயிலில் வரிசை அப்படியே நின்றது. அவர்களை வெறும் கையோடு அனுப்பினால் அந்தப் பாவமும் எனக்குத்தான்.

“நீங்க இன்னான்னு வேண்டிக்கினீங்க? பானகம் குடுக்கறேன்னா?” என்று கேட்டேன்.

தாகம் தீர்க்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன் என்றார்.

அப்படியானால் தண்ணீர் கொடுங்கள், இதே அண்டாவில் கொடுங்கள் என்றேன். புளிப்பு இல்லாத நல்ல தண்ணீர், ஊற்றிய உடனே கொடுத்துத் தீர்த்துவிட்டால் செம்பால் ஒரு தொந்தரவும் இல்லை. பக்கத்துப் போண்டா கடையிலிருந்து தினேஷ் ஆப்ப சோடா வாங்கி வந்தார். சோடா காரம், எலுமிச்சை அமிலம்; இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று அடக்கிவிடும். அண்டாவின் அடியில் ஒட்டியிருந்த மீதிப் பானகத்தில் சோடாவைக் கரைத்து ஊற்றியதும் புஸ்ஸென்று நுரைத்தது. குழந்தை கைதட்டிச் சிரித்தது. நுரை வருகிறவரை புளிப்பு இருக்கிறது என்று அர்த்தம். நுரை நிற்கிறவரை தேய்த்து, பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, வாட்டர் கேன்களைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். இன்னொரு ஆணியைத் தேய்த்து அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துப் போட்டு வைத்தேன். முன்பு காத்திருந்த அளவுக்கு இதற்கும் காத்திருந்தேன். ஆணி வெள்ளையாகவே இருந்தது. எடுத்துக் காட்டினேன்.

“பாருங்க. ஒன்னுமில்ல. இப்ப பாப்பாவுக்குக் குடுங்க.”

பச்சையம்மாள் வெள்ளி டம்ளரைக் கழுவித் தண்ணீர் மொண்டார். குழந்தை கையை நீட்டியது. அவர் அதன் கையில் கொடுக்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

“ஆணி குடிக்காதும்மா. நீங்க குடிங்க.”

என் பையில் என் தண்ணீர் பாட்டில் இருந்தது. சோதனைக்குப் போன இடத்தில் குடிப்பதில்லை என்று சொல்ல என் வாயில் தயாராக ஒரு வாக்கியமும் இருந்தது. எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய வாக்கியம். கற்பூரம் காட்டியபோது மலர்ந்திருந்த அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்தேன். தன் அண்டாவை, தன் கையை, ஊரே சொல்லும் பேச்சை, எதையும் நம்ப முடியாதபடி அந்த ஒரு மத்தியானத்தில் நான் அவரை ஆக்கிவிட்டிருந்தேன். நம்புவதற்கு அவருக்கு மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். டம்ளரை வாங்கி, அண்ணாந்து குடித்தேன். பாதி புடவையில் சிந்தியது.

டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். அடுத்த பந்தல்காரர்கள் மறுபடியும் அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

“கொஞ்சம் ஒக்காருங்க” என்றார் பச்சையம்மாள். தானே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அவர் பேத்தியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, எனக்கு எதிரே வந்து நின்று, என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். சற்று முன்னால் நான் அந்த ஆணியைப் பார்த்த மாதிரியே. எனக்குக் குமட்டுகிறதா, முகம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை முழுவதும் காத்திருந்தது. என் கைபேசி அடித்தது, எடுக்கவில்லை. எழுந்தால், அவ்வளவுதான், அந்தக் குழந்தைக்கு அவர் எதையும் கொடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

ஓரிடத்தில் உட்கார வராத நான் அன்றைக்கு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவருக்குப் போதும் என்று தோன்றுகிறவரை உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் டம்ளரை மறுபடியும் கழுவி, தண்ணீர் மொண்டு, பேத்தியின் இரண்டு கையிலும் கொடுத்தார்.